நேரில் பார்த்த சாட்சியா, அலிபியா: மேல்முறையீட்டில் எது எடுபடும்?

கேள்வி இது: "சம்பவத்தை நேரில் பார்த்தவர் 'இவர்தான்' என்று அடையாளம் காட்டுகிறார். தண்டனை பெற்றவரோ அந்த நேரத்தில் வேறு ஊரில் இருந்ததாகச் சொல்கிறார். நம் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தால் நீதிபதிகள் எதை நம்புவார்கள்?"

குற்றவியல் மேல்முறையீடுகளில் வாதாடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் எடை போடக் கூடாது. அதற்கு ஒரு வரிசை உண்டு. அலிபியை, அதாவது சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்ற வாதத்தை, எடுப்பதற்கு முன்னால், அரசு தரப்பின் அடையாளச் சாட்சியம் தன் காலில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) எங்கே இருந்தார் என்ற கேள்விக்கே வேலை இல்லை.

பினய் குமார் சிங் எதிர் பீகார் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எதிரி அங்கே இருந்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசு தரப்புடையது. அவர் அலிபி சொன்னதால் அது குறையாது. அரசு தரப்பு அதை நிரூபித்த பிறகுதான், அங்கே இருந்திருக்கவே முடியாது என்று உறுதியாகக் காட்டும் பாரம் எதிரியின் தலையில் விழுகிறது. அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. பலரும் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அலிபி முழுதாக நிரூபணம் ஆகாவிட்டாலும், அவர் அங்கே இருந்தாரா என்று நியாயமான சந்தேகம் எழும் அளவுக்குத் தரமான சாட்சியம் இருந்தால், அந்தச் சந்தேகத்தின் பலன் அவருக்குத்தான்.

மேல்முறையீட்டு நீதிபதிகள் சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. அவர்கள் கையில் இருப்பது காகிதம் மட்டும். அதனால் வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது சாட்சியின் முதல் வாக்குமூலத்தை. இருட்டிய பிறகு பைக்கில் வந்தவர் சங்கிலியைப் பறித்த வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையில் "அடையாளம் தெரியாத இருவர்" என்று மட்டும் இருக்கும். உயரம், நிறம், மீசை, சட்டை, எதுவும் இருக்காது. பல மாதம் கழித்துக் கூண்டில் ஏறி அதே சாட்சி, "வலது புருவத்தில் தழும்பு இருந்தது, இவர்தான்" என்பார். அந்தத் தழும்பு எப்போது வழக்குக்குள் வந்தது? அடையாள அணிவகுப்புக்கு (பலரோடு நிறுத்தி, சாட்சியை ஆளைக் காட்டச் சொல்லும் சோதனைக்கு) முன்னால் காவல் நிலையத்தில் வைத்து ஆளைக் காட்டினார்களா? படம் பத்திரிகையில் வந்ததா? தெருவிளக்கு எந்தப் பக்கம் இருந்தது? ஹெல்மெட் போட்டிருந்தார்களா? முகத்தைப் பார்க்க எத்தனை விநாடி கிடைத்தது? குறுக்கு விசாரணையில் இதையெல்லாம் கேட்டுப் பதில் பதிவாகியிருந்தால் மேல்முறையீட்டில் அதுதான் ஆயுதம். கேட்காமல் விட்டிருந்தால் பெரிய இழப்பு.

ஏற்கெனவே பழக்கமான ஆளை அடையாளம் சொல்வது வேறு விஷயம். அங்கே அடையாள அணிவகுப்பு தேவையில்லை. பார்க்க வெளிச்சம் இருந்ததா, பொய் சொல்லக் காரணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முன்பின் தெரியாத ஆள் என்றால், அணிவகுப்பே நடத்தாமல் முதன்முதலாக நீதிமன்றத்தில் கை நீட்டிக் காட்டுவது மிக பலவீனமான சாட்சியம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்தான் எதிரி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியுமே!

சாட்சி பொய் சொல்கிறார் என்று நான் வாதாடுவது அபூர்வம். அவர் பெரும்பாலும் மனதார நம்பித்தான் சொல்கிறார். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. 1972-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ஒரு கடையில் திரைச்சீலை திருட்டு நடந்தது. கடையில் இருந்தவர்கள் ஒருவரை அடையாளம் காட்டினார்கள், தண்டனையும் விழுந்தது. உண்மையில் அவர் அந்த நேரத்தில் ஒரு பஸ் நிறையப் பேரோடு விட்லி பே கடற்கரைக்குச் சுற்றுலா போயிருந்தார். கூட வந்தவர்களில் மிகச் சிலரைத்தான் விசாரணையில் சாட்சியாக அழைத்திருந்தார்கள். பின்னால் தண்டனை ரத்தானது. இந்த வழக்கும் இதுபோன்ற இன்னொன்றும் கிளப்பிய கவலையால் அடையாளச் சாட்சியத்தை ஆராய டெவ்லின் குழு அமைந்து, 1976-இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு டர்ன்புல் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், அடையாளச் சாட்சியத்தை எப்படி எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்று விதி வகுத்தது. அலிபி பொய்யானது என்பதாலேயே அடையாளம் சரி என்று ஆகிவிடாது என்பதும் அதில் உண்டு. பயத்தில் பொய்க் கதை சொல்லும் நிரபராதிகளும் இருக்கிறார்கள். நம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்புகளில் "அலிபி நம்பும்படி இல்லை, எனவே குற்றம் நிரூபணம்" என்று ஒரே மூச்சில் தாவியிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். மேல்முறையீட்டில் முதலில் அடிக்க வேண்டிய இடம் அதுதான்.

சரி, அலிபி பக்கம் வருவோம். 1872 சாட்சியச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு கல்கத்தாவில் நடந்த குற்றத்துக்கு, அன்று எதிரி லாகூரில் இருந்ததை உதாரணம் காட்டியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 9-ஆம் பிரிவில் அது சென்னையும் லடாக்குமாக மாறியிருக்கிறது. நிஜ வழக்குகளில் இவ்வளவு தூரம் கிடைக்காது. பக்கத்து ஊர், பக்கத்துத் தொழிற்சாலை என்றுதான் இருக்கும். வருகைப் பதிவேட்டில் காலையில் போட்ட கையெழுத்து, நடுவில் வெளியே போகவில்லை என்று காட்டாது. செல்போன் டவர் விவரம் போன் இருந்த இடத்தைச் சொல்லும், ஆள் இருந்த இடத்தைச் சொல்லாது. எனவே நிமிடக் கணக்கு முக்கியம்.

அலிபி சாட்சிகள் பெரும்பாலும் மனைவி, அண்ணன், நண்பன். "சொந்தக்காரர்கள்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். தூத் நாத் பாண்டே வழக்கில் (1981) உச்ச நீதிமன்றம், எதிர்த்தரப்புச் சாட்சிகளையும் அரசு தரப்புச் சாட்சிகளுக்குச் சமமாகவே நடத்த வேண்டும் என்றது. அதே வழக்கில் அலிபி ஏற்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால், எங்கே இருந்தார் என்பதை முதல் நாளே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். எல்லாச் சாட்சியும் முடிந்து நீதிபதி எதிரியைக் கேள்வி கேட்கும் கட்டத்தில் முதன்முதலாகச் சொன்னால், யோசித்துக் கட்டிய கதை என்பார்கள். கடை, விடுதி, பஸ் நிலையக் கேமராப் பதிவுகள் கொஞ்ச நாளில் அழிந்துவிடும். அவற்றைப் பாதுகாக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள், நகலும் வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் கேட்க வழி இருக்கிறது. ஆனால் ஏன் அப்போதே தரவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள், அதற்கு இந்தக் கடிதத்தின் தேதிதான் பதில் சொல்லும்.