மென்பொருள் வடிவமைப்புக் குழுக்களுக்குக் கருத்துரு வடிவமைப்பைக் கற்பிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

'கருத்துரு (concept) என்பது செயலியில் ஒரு நோக்கத்தை நிறைவேற்றும் தனி அலகு' என்ற வரையறையிலிருந்து தொடங்காதீர்கள். பணியிலிருக்கும் வடிவமைப்பாளர்களுக்குச் சில ஆண்டுகளாகப் பயிலரங்கு நடத்திவருகிறேன். அவர்களே பயன்படுத்திக் குழம்பிய ஒன்றை முதலில் மேசைமேல் வைத்தால்தான் பாடம் நிற்கிறது.

நான் எடுத்துக்கொள்வது ட்விட்டர். 2015 நவம்பரில் அந்நிறுவனம் நட்சத்திரக் குறியுடன் இருந்த 'ஃபேவரிட்'டை இதயக் குறியுடன் 'லைக்' ஆக்கியது. அதுவரை அந்த நட்சத்திரத்தைப் பாராட்டுக்காக அழுத்தியவர்களும் உண்டு, பிறகு படிப்பதற்காகக் குறித்துவைத்தவர்களும் உண்டு. இதை எப்படிச் சரிசெய்வீர்கள் என்று கேட்டால், முதல் அரை மணி நேரம் எல்லோரும் குறிகளையும் பொத்தான்களையும்தான் வரைகிறார்கள். பாராட்டு பிறர் அறிய வேண்டியது, குறித்துவைப்பது தனக்கு மட்டுமானது, ஆகவே ஒரே கருத்துருவின் தலையில் இரண்டு நோக்கங்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன என்பதை யாராவது ஒருவர் சொல்லும்வரை நான் காத்திருப்பேன். 2018இல் புக்மார்க் தனியாக வந்ததை அதன் பிறகே சொல்வேன்.

கருத்துரு வடிவமைப்பை ஒரு முறையாக வகுத்தவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஜாக்சன். ஒவ்வொரு கருத்துருவுக்கும் பெயர், நோக்கம், நிலை, செயல்கள் ஆகியவற்றோடு, 'இன்னது செய்தால் பின்னர் இன்னது நடக்கும்' என்று அதன் பயனை விளக்கும் ஒரு சிறு கதையையும் எழுத வேண்டும் என்கிறார். குழுக்கள் தடுமாறுவது நோக்கத்தில்தான். கணினியின் குப்பைத்தொட்டி எதற்கு என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் 'கோப்பை நீக்குவதற்கு' என்கிறார்கள். நீக்குவதற்குத் தொட்டி எதற்கு? நீக்கியதை மீட்டெடுக்க இயல வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. 'நிலை' என்றதும் அது டேட்டாபேஸ் எழுதுபவரின் வேலை என்று ஒதுங்குவோரும் உண்டு. பயனருக்காகச் செயலி எதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அதே கேள்வியை மாற்றிக் கேட்டால் தயங்காமல் எழுதுகிறார்கள்.

அதன்பின் அவர்களுடைய சொந்தச் செயலிக்கு வர வேண்டும். மருத்துவரைச் சந்திக்க முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை உருவாக்கிய குழுவோடு இரண்டு நாட்கள் இருந்தேன். அதில் முன்பதிவு செய்த உடனேயே ஒரு டோக்கன் எண் கிடைத்துவிடும். காலையில் முதல் ஆட்களில் ஒருவராகப் பதிவு செய்து, இரவு 7 மணிக்கான நேரத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு 4ஆம் எண் வந்தது. எண் சிறியதாக இருக்கிறதே என்று அவர் 5 மணிக்கே வந்து அமர்ந்தார், வரவேற்பு மேசையில் வாக்குவாதம் எழுந்தது. திரையில் எச்சரிக்கை வாசகத்தைப் பெரிதாக்குவது பற்றியே அக்குழு வாரக்கணக்கில் பேசியிருந்தது. முன்பதிவின் நோக்கம் மருத்துவரின் நேரத்தை முன்கூட்டியே ஒருவருக்கென ஒதுக்கிவைப்பது. டோக்கனின் நோக்கம் வந்து சேர்ந்தவர்களை வரிசைப்படுத்துவது. இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதச் சொன்னபோது, வராத ஒருவருக்கு டோக்கன் இருக்கவே முடியாது என்று அக்குழுவின் இளையவரான ஒரு பெண் சொன்னார். அந்த அறையில் அன்று நடந்த மிக நல்ல விஷயம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். முன்பதிவு நேரத்தை மட்டும் தரட்டும், வரவேற்பில் வருகையைக் குறிக்கும்போது டோக்கன் பிறக்கட்டும், முன்பதிவு செய்தவர் அவருடைய நேரத்துக்குரிய இடத்தில் வரிசையில் சேரட்டும் என்று இரு கருத்துருக்களையும் இணைக்கும் விதிகளை அவர்களே எழுதினார்கள். எச்சரிக்கை வாசகம் தேவையற்றுப் போனது.

பயிலரங்கில் வடிவமைப்பாளர்களோடு நிரல் எழுதுபவர்களையும் புராடக்ட் மேனேஜரையும் சேர்த்தே உட்கார வையுங்கள். கருத்துருவைப் பிரிக்கும் முடிவு இந்த மூன்று தரப்பும் சேர்ந்து எடுக்க வேண்டியது. திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவை முதல் நாள் முழுவதும் திறக்க விடாதீர்கள். தாளும் பேனாவும் போதும்.