வாரிசு வரி வேண்டுமா என்று கேட்கிறோம், நோய் போடும் வரியைக் கேட்பதில்லை

கேள்வி: வயதானவர்களைப் பராமரிக்கும் செலவைச் சமூகம் எப்படிச் சுமக்க வேண்டும்? அதற்காகப் பரம்பரைச் சொத்துக்கு வரி போடுவது நியாயமா?

போடலாம் என்பதுதான் என் பதில். பெரிய சொத்துக்கு மட்டும், சிறிய அளவில். ஆனால் மொத்தச் செலவும் அதிலிருந்தே வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுவது என் தொழில். பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு சொத்து கைமாறும்போது யார் எவ்வளவு கட்டுகிறார்கள், யார் கட்டாமலே போகிறார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

கிரயப் பத்திரத்தில் விற்பதற்கான காரணத்தை எழுதுவது வழக்கம். "எனது குடும்ப அவசியச் செலவுக்காகவும், என் தாயாரின் வைத்தியச் செலவுக்காகவும்" என்று வரும். பாதிப் பேருக்கு அது சும்மா சம்பிரதாய வாசகம். மீதிப் பேர் சொல்லச் சொல்ல எழுதும்போதுதான் அது நிஜம் என்று தெரியும். பெரியபட்டினம் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். பாகம் பிரிந்தபோது ஆளுக்குச் சரிபாதி தென்னந்தோப்பு. அண்ணன் ஒருநாள் ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் பங்கு அப்படியே பிள்ளைகளுக்கு வந்தது. தம்பிக்குப் பக்கவாதம். வருடக்கணக்கில் படுக்கை. மதுரைக்கு அலைச்சல், பிசியோதெரபி, டயப்பர், பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அந்த ஆளுக்கு மட்டும் மாதம் 15,000-க்குக் குறையவில்லை. கடைசியில் தோப்பு போனது. இரண்டு பேரும் ஒரே மாதிரி உழைத்தவர்கள், ஒரே மாதிரி சேர்த்தவர்கள். ஒருவர் வாரிசுகளுக்கு வரி பூஜ்யம். இன்னொருவர் வாரிசுகளுக்கு வரி நூறு சதவீதம். அதைப் போட்டது அரசு இல்லை, நோய். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விஷயத்தில் என் கருத்து முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது. யாருக்குப் படுக்கை நோய் வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே தெரியாத செலவை எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டவர் தலையில் மொத்தமாகக் கட்டக் கூடாது.

வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் கையிருப்போ சொத்தோ இருந்தால் பராமரிப்புச் செலவை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதியோர் இல்லத்துக்குப் போனால், வாழ்க்கைத் துணை அந்த வீட்டில் இல்லாத பட்சத்தில், சொந்த வீட்டையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். ஒருவர் வாழ்நாளில் இதற்குச் செலவழிப்பதற்கு ஓர் உச்சவரம்பு வேண்டும், அதற்கு மேல் போனால் அரசு ஏற்க வேண்டும் என்று ஆண்ட்ரூ டில்னாட் தலைமையிலான குழு 2011-ல் சொன்னது. சட்டம்கூட வந்தது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு 2024-ல் கைவிட்டுவிட்டார்கள். நடுவில் 2017 தேர்தலில் அப்போதைய பிரதமர் தெரேசா மே வேறொரு திட்டம் சொல்ல, அதற்கு 'டிமென்ஷியா வரி' என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள். மறதி நோய் வந்தால் வீடு போகும், மாரடைப்பில் போனால் வீடு மிஞ்சும். பெரியபட்டினம் கதையேதான்.

சரி, நம் பக்கம் வருவோம். நம் நாட்டில் மரணச் சொத்து வரி 1953-லேயே வந்தது. கடைசிக் காலத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 85 சதவீதம் வரை போனது. காகிதத்தில் பயங்கரம், கைக்கு வந்தது வருடத்துக்கு ஏறக்குறைய 20 கோடி. வசூலிக்கிற செலவோடு ஒப்பிட்டால் இது எதற்கு என்று 1985-ல் நிதியமைச்சராக இருந்த வி.பி. சிங் எடுத்துவிட்டார். 2024 தேர்தலின்போது இந்தப் பேச்சு மறுபடி கிளம்பி, தாலியைப் பறிப்பார்கள் என்கிற வரைக்கும் போய் அடங்கியது. அதற்கப்புறம் எந்தக் கட்சியும் வாய் திறக்கவில்லை.

ஆனால் வரி என்ற பெயர் இல்லாமல் ஒரு கட்டணம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் ஒருவர் சம்பாதித்த காசில் வீடு வாங்கினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு வீடு வாங்கினால் 3,60,000 ரூபாய். அதே வீட்டை அப்பா மகனுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் 1 சதவீதம், 1 சதவீதம். அதற்கும் உச்சவரம்பு உண்டு: 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு முத்திரைத்தீர்வை 40,000, பதிவுக் கட்டணம் 10,000. ஆக 50,000. சொத்து 40 லட்சமோ 4 கோடியோ, அதே 50,000. உயில் வழியாகவோ வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டா மாற்றியோ போனால் முத்திரைத்தீர்வையே கிடையாது. தாயார் வைத்தியத்துக்காக விற்கிறவரிடம் வாங்குகிறவர், அந்த 9 சதவீதத்தையும் மனதில் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார். கோடீஸ்வரத் தகப்பன் மகனுக்கு எழுதிக்கொடுத்தால் 50,000 கட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். எனக்கு எழுத்துக் கூலி இரண்டிலும் கிடைக்கிறது, அதனால் பொறாமையில் சொல்லவில்லை.

எனவே புதிதாக ஒரு வரி, புதிதாக ஓர் இலாகா, வீட்டுக்கு வரும் அதிகாரி என்றெல்லாம் வேண்டாம். ஒரு குடும்பத்துக்குள் மாறும் சொத்து 1 கோடியைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் இந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு 3 அல்லது 4 சதவீதம் வாங்கலாம். செட்டில்மெண்டுக்கு மட்டும் போட்டால் எல்லோரும் உயிலுக்குத் தாவிவிடுவார்கள். அதனால் இறப்புக்குப் பின் பட்டா மாற்றும்போதும் அதே கட்டணம். பணம் போய்ச் சேரவும் வழி ஏற்கெனவே இருக்கிறது. கிரயத்தில் வாங்கும் 7 சதவீதத்தில் 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்கான கூடுதல் தீர்வைதான். அதே வாய்க்காலில் இதையும் விட்டு, முதியோர் பராமரிப்புக்கு மட்டும் என்று கட்டிவிடலாம். எங்கள் மாவட்டத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கும் மானாவாரி நிலத்துக்காரர் ஒருவரும் இதில் சிக்க மாட்டார். ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றி லாட்ஜ் வைத்திருப்பவர், வளைகுடாச் சம்பாத்தியத்தில் சென்னையில் மனை மனையாக வாங்கிப் போட்டவர் சிக்குவார்கள். தங்கமும் பினாமியும் தப்பித்துவிடும். அது தெரிந்ததுதான். அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு ஏறிப்போன வீட்டில் வருமானமே இல்லாமல் குடியிருக்கும் வாரிசுக்கு மட்டும், விற்கும்போது கட்டினால் போதும் என்று சலுகை தரலாம்.

இதில் வரும் தொகை பெரிய தொகை இல்லை. மீதி எங்கிருந்து? ஜெர்மனி 1995-ல் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தொழிலாளி பாதி, முதலாளி பாதி. முதலாளிகளைச் சமாதானப்படுத்த ஒரு அரசு விடுமுறை நாளையே ரத்து செய்தார்கள், சாக்சனி மாநிலம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜப்பான் 2000-ல் தொடங்கியது. 40 வயதானதும் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். பயனாளி கொடுப்பது போக மீதியில் பாதி சந்தா, பாதி அரசு வரிப்பணம். இதைக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாம்பன் சின்னப்பாலத்தில் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்கிற பெண்ணுக்கு முதலாளி யார்? பாட்டியான பிறகும் அவர்கள் கடலில் இறங்குகிறார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் சம்பளத்தில் எதைப் பிடிப்பது? சம்பளச் சீட்டே இல்லாத ஊரில் சம்பளத்தில் பிடிக்கும் காப்பீடு நடக்காது. அதனால் பெரும்பகுதி பொது வரியிலிருந்துதான் வர வேண்டும். மாதச் சம்பளக்காரர்களிடம் 40 வயதுக்கு மேல் ஒரு சிறு சந்தா வாங்கலாம், என் மகனும் அதில் வருவான், பரவாயில்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்காகக் கட்டடச் செலவில் 1 சதவீதம் வாங்குகிறார்களே, அந்த மாதிரி தீர்வை இன்னொரு வழி. ஆனால் அந்தப் பணம் நாடு முழுக்கச் செலவாகாமல் கிடந்ததற்கு உச்ச நீதிமன்றமே 2018-ல் கண்டித்தது. வசூலிப்பதைவிடச் செலவழிப்பதில்தான் நம் அரசுகள் தடுமாறுகின்றன.

எதற்குச் செலவழிப்பது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும் தீராது. முதியோர் உதவித்தொகையை இங்கே 2023-ல் 1,200 ஆக்கினார்கள். அதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே இன்னமும் 200 ரூபாய். மருந்துக்குச் சரியாகிவிடும். 70 வயது தாண்டியவர்களுக்கு 5 லட்சம் காப்பீடு 2024-ல் வந்தது நல்ல விஷயம்தான், ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். வீட்டில் படுத்தால் இல்லை. புரட்டிப் போட, குளிப்பாட்ட, சோறு ஊட்ட ஓர் ஆள் வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க நர்ஸ் வருகிறார், பிசியோதெரபிஸ்ட் வருகிறார். அதோடு ஊரிலேயே இரண்டு மூன்று பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒழுங்கான சம்பளம் கொடுத்து, தினமும் இந்த வீடுகளுக்கு அனுப்பினால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

யாருடைய பாரம்? கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் செய்வார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் கடைசிக் காலத்தில் உம்மா (அம்மா) மகள் வீட்டில்தான். மகன்கள் துபாயிலிருந்து பணம் அனுப்புவார்கள், தப்பில்லை. ஆனால் ராத்திரி எழுந்திருப்பது மகள்தான். மற்ற ஊர்களில் அந்த இடத்தில் மருமகள். பாகப்பிரிவினைக்கு என் மேஜைக்கு வரும்போது எல்லோருக்கும் சம பங்கு என்பார்கள். பத்து வருடம் பார்த்தவருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை போன் பண்ணியவருக்கும் ஒரே கணக்கு. மருமகளுக்குப் பங்கே கிடையாது. நான் சொன்ன கட்டணத்தில், கூட இருந்து பார்த்தவருக்கு முழுத் தள்ளுபடி தர வேண்டும் என்பது இதனால்தான். யார் பார்த்தார் என்பதற்கு அலுவலகத்தில் சான்று வாங்கச் சொன்னால் அது தனி வியாபாரமாகிவிடும். வீட்டுக்கு வரும் நர்ஸின் பதிவேட்டில், புண்ணுக்கு மருந்து போட்டது யார் என்று எழுதியிருந்தால் போதும்.

'பிள்ளைகள் பார்க்கவேண்டியதை அரசு ஏன் பார்க்க வேண்டும்' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்கான சட்டம் 2007-லிருந்தே இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுத்தால் பிள்ளைகளிடமிருந்து மாதம் அதிகபட்சம் 10,000 வரை வாங்கித் தருவார்கள். பிள்ளை இல்லாதவர் என்றால், அவர் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினர் பார்க்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆக, சொத்து வாங்குகிறவருக்குப் பராமரிப்பில் பங்கு உண்டு என்பது நான் கண்டுபிடித்த புதுச் சித்தாந்தம் இல்லை. ஆனால் புறம்போக்கில் குடிசை போட்டு, படகு ஒன்றை மட்டும் வைத்திருந்து, அதுவும் இலங்கைக் கடற்படையிடம் போனவருக்குச் சட்டம் என்ன செய்யும்? அவர் மகனிடம் வாங்கித் தர என்ன இருக்கிறது? குடும்பமே கையில் ஒன்றும் இல்லாமல் இருக்கும் இடத்தில் பொதுப்பணம் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அரசு இதையெல்லாம் செய்யும் வரை, பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். 2007 சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்க்காவிட்டால் ரத்து செய்ய முடியும். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. பாசத்தோடு கொடுப்பதிலேயே அது அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் நாகப்பட்டினம் வழக்கு ஒன்றில் தாராளமாகச் சொன்னது. வழக்குக்கு வழக்கு மாறும், அதை நம்பி உட்காராதீர்கள். "ஆயுள் முழுவதும் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் செய்து தர வேண்டும், தவறினால் இந்த ஏற்பாடு ரத்து செய்யத்தக்கது" என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வீட்டில் ஆயுள்கால அனுபவ உரிமையையும் உங்கள் பேரில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை என்ன நினைப்பானோ என்று தயங்குபவர்கள்தான் அதிகம். பத்திரத்தில் இரண்டு வாக்கியம்தான் கூடும், அதற்கு எழுத்துக் கூலி தனியாகக் கிடையாது.