விறகு அடுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விறகு அடுப்பைப் பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி புகையைப் பற்றியவை. புகை குறைந்தால் விறகுச் செலவும் தானாகக் குறையும். ஏன் என்பதை முதல் பதிலில் சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறோம். அதைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போனால் நல்லது.

கேள்வி: அடுப்புப் பற்றவைத்த உடனே சமையலறை முழுக்கப் புகை சூழ்ந்துவிடுகிறது. விறகு வெட்டி இரண்டு மாதம் ஆகிறது. பார்க்க நன்றாகக் காய்ந்தது போலத்தான் இருக்கிறது. ஊதி ஊதியே கண் எரிகிறது. கோளாறு விறகிலா, அடுப்பிலா?

பதில்: முதலில் விறகைச் சந்தேகப்படுங்கள். வெளியே வெளிறிப்போய், தொட்டால் உலர்ந்தாற்போல் இருக்கும் கட்டைக்குள் ஈரம் அப்படியே தங்கியிருக்கும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். பிளக்காத முழுக் கட்டையாகக் கிடந்தால் ஒரு வருடம் கழித்தும் நடுப்பகுதி காய்ந்திருக்காது.

ஈரத்தால் என்ன கெடுகிறது என்று தெரிய, விறகு எரியும் விதம் தெரிய வேண்டும். சூடேறியதும் மரம் வாயுவைக் கக்குகிறது. உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாகவே வெளியேறிவிடும். நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவதுதான். மிஞ்சும் கரி தணலாகக் கனன்று எரியும். வாயு முழுதாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும், காற்று வேண்டும், இரண்டும் கலக்கக் கொஞ்சம் இடமும் நேரமும் வேண்டும். ஈர விறகில் கிடைக்கும் சூட்டின் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. அதனால் அடுப்பின் சூடு ஏறாமல் வாயு எரியாமலே வெளியேறுகிறது. கண்ணைக் கரிக்கும் புகை என்பது நீங்கள் சுமந்து வந்த விறகின் எரியாத பகுதி.

கணக்காகச் சொன்னால், 20 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கிலோ விறகிலிருந்து சுமார் 14 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். 50 விழுக்காடு ஈரமிருந்தால் 8 மெகாஜூல்தான். அதுவும் முழுதாக எரிந்தால். ஈர விறகு முழுதாக எரிவதே இல்லை.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்துப் பிளந்து, உள்முகத்தைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் போகவில்லை. இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ‘தொப்’பென்று மந்தமாகக் கேட்டால் இன்னும் காய வேண்டும். இவற்றைவிட நம்பகமானது தராசு. இரண்டு கட்டைகளில் அடையாளமிட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று வாரமாக எடை குறையவில்லை என்றால், காற்றில் காயக்கூடிய அளவு காய்ந்துவிட்டது. ஈரமானி இருந்தால் புதிதாகப் பிளந்த முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள், வெளிப்பரப்பில் அல்ல. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெரும்பாலான ஈரமானிகள் உலர் மரத்தின் எடையை வைத்துக் கணக்கிடுகின்றன. அதில் 25 என்று காட்டினால் மொத்த எடையில் 20 விழுக்காடு தண்ணீர் என்று பொருள். அதற்குக் கீழே வந்தால் எரிக்கலாம்.

காயவைக்க: முதலில் பிளந்துவிடுங்கள், பிறகு அடுக்குங்கள். பட்டை ஈரத்தை எளிதில் வெளியே விடாது. சமையல் அடுப்புக்கு 3 முதல் 5 செ.மீ. தடிமன் போதும். வெயிலும் காற்றும் நன்றாக இருந்தால் இந்தத் தடிமன் சில மாதங்களில் காய்ந்துவிடும். 10 செ.மீ.க்கு மேலிருந்தால் ஒரு வருடமாவது ஆகும், கெட்டியான மரம் இன்னும் கூடுதலாகக் கேட்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டைகள் போட்டு அதன்மேல் அடுக்கி, மேலே மட்டும் கூரை போடுங்கள். பக்கங்கள் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் தாளால் முழுக்கச் சுற்றி மூடினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அவசரத்துக்கு அடுப்பின் மேலோ ஒட்டியோ விறகைக் காயவைக்கவே வேண்டாம். வீட்டில் தீப்பிடிக்க அதுவே வழி.

கேள்வி: தீ தணிந்தால் இன்னும் இரண்டு கட்டை திணிக்கிறேன். கொஞ்ச நேரம் புகைந்துவிட்டு அப்புறம் குபீரென்று எரிகிறது. சீராக எரிய என்ன செய்வது?

பதில்: திணிப்பதை நிறுத்த வேண்டும். ஒரு கிலோ உலர் விறகு எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று தேவை. அடுப்பு வாய் முழுவதும் விறகு அடைத்திருந்தால் அது எப்படி உள்ளே வரும்?

அடுப்பு வாயின் பாதி உயரத்தில் ஒரு இரும்புத் தகட்டைத் தட்டுபோல வைத்து, விறகை அதன்மேல் வைத்து எரியுங்கள். அடியில் இருக்கும் பாதி, காற்றுக்கு மட்டும். காற்று தணலின் கீழாக நுழைந்து, சூடாகி, சுடருக்குப் போகும். உள்ளே தணல் விழும் இடத்தில் கம்பிச் சல்லடை போட்டுச் சாம்பல் கீழே இறங்க வழிவிடுங்கள். சல்லடையின் கீழே சாம்பல் மேடு கட்டினால் காற்று நின்றுவிடும். நடுச் சமையலில் திடீரென்று புகைய இது அடிக்கடி வரும் காரணம்.

விறகின் நுனி மட்டும் எரிய வேண்டும். மூன்று நான்கு குச்சிகள் ஒன்றுக்கொன்று விரல் இடைவெளி விட்டு, நுனிகள் அருகருகே இருக்கட்டும். ஒற்றைக் கட்டை தனியாக நின்று எரியாது. பக்கத்துக் கட்டையின் சூடுதான் அதை எரிய வைக்கிறது. எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். தீயைக் குறைக்க வேண்டுமானால் ஒரு குச்சியை வெளியே இழுத்து, நுனியை மணலில் புதைத்து அணையுங்கள். காற்று வழியை அடைத்துத் தீயைக் குறைத்தால் புகையும் கார்பன் மோனாக்சைடும்தான் கூடும்.

ஊதுகுழல் பற்றவைக்கும்போது உதவும். சமையல் நடுவே அடிக்கடி ஊத வேண்டியிருந்தால் விறகிலோ காற்று வழியிலோ குறை இருக்கிறது.

கேள்வி: அடுப்புச் சுவரைத் தடிமனாகக் கட்டினால் சூடு வெளியே போகாது என்று மேஸ்திரி சொல்கிறார். உண்மையா?

பதில்: சமையல் அடுப்புக்கு இது பொருந்தாது. பலரும் நம்புவதால் அழுத்திச் சொல்கிறோம். கனமான மண்ணும் செங்கல்லும் சூட்டைத் தடுப்பவை அல்ல, உறிஞ்சுபவை. அரைமணி நேரச் சமையலில் பாத்திரத்துக்குப் போக வேண்டிய வெப்பத்தில் பெரும்பகுதியைச் சுவர் வாங்கிக்கொள்ளும். சமைத்து முடித்தபின் அடுப்பு வெகுநேரம் சுடுவது, வெப்பம் தப்பான இடத்துக்குப் போனதற்கு அடையாளம். நாள் முழுக்க எரியும் அடுப்பிலோ, அறையைச் சூடாக்கும் அடுப்பிலோ கனமான சுவருக்குப் பயனுண்டு.

சூட்டைத் தடுப்பது, உள்ளே காற்றுப் புரைகள் நிறைந்த இலேசான பொருள். களிமண்ணில் மரத்தூளைக் கலந்து சுட்டால் தூள் எரிந்துபோய் புரையுள்ள இலேசான செங்கல் கிடைக்கும். எரியும் அறையைச் சுற்றி அதை வையுங்கள். அல்லது இரட்டைச் சுவர் வைத்து நடுவே சலித்த உலர் சாம்பலை நிரப்பலாம்.

சுவரைவிட முக்கியமானது பாத்திரத்தின் இடம். சுடர் முழுதாக எரியும் முன் குளிர்ந்த பாத்திரத்தில் மோதினால் கரியாகப் படிந்துவிடும். ஆகவே தீக்கும் பாத்திரத்துக்கும் நடுவே சுடர் உயர இடம் வேண்டும். எரிந்து முடிந்த சூடான வாயுவோ பாத்திரத்தை ஒட்டியே போக வேண்டும். பாத்திரத்தைத் தாங்கும் குமிழ்களை மிக உயரமாக வைத்தால் சூடு பக்கவாட்டில் தப்பிவிடும். சிறிய குடும்ப அடுப்பில் பாத்திர அடிக்கும் அடுப்பு விளிம்புக்கும் 1 முதல் 1.5 செ.மீ. இடைவெளி பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கும் குறைத்தால் வாயு போக வழியின்றிப் புகை அடுப்பு வாய் வழியே வெளியே வரும். பாத்திரத்தைச் சுற்றி ஒரு செ.மீ. இடைவெளி விட்டு வளையமாக ஒரு தகடு நிறுத்தினால் பக்கச் சுவரும் சூடேறும். மறைப்பின்றி எரியும் திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 விழுக்காடுதான் பாத்திரத்துக்குள் போகிறது. மேலே சொன்ன திருத்தங்களால் அதை இரண்டு மடங்காக்க முடியும். மூடி போட்டுச் சமைப்பது தனி லாபம்.

பாத்திர அடியில் படியும் மெல்லிய கரியைத் தினமும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. தடித்த படலமாகப் படிந்தால் மட்டும் சுரண்டி எடுங்கள்.

கேள்வி: புகைபோக்கி வைத்தாயிற்று. ஆனாலும் சில நாள் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறது.

பதில்: ‘சில நாள்’ என்பதில்தான் விடை இருக்கிறது. சூடான வாயு வெளிக்காற்றைவிட இலேசானது என்பதால் மேலே ஏறுகிறது. புகைபோக்கி வேலை செய்வது அந்த வேறுபாட்டால்தான். குழாய் குளிர்ந்து கிடந்தால் முதல் சில நிமிடம் இழுக்காது. கட்டை வைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி காய்ந்த சுள்ளியை எரித்துக் குழாயைச் சூடாக்குங்கள்.

அடுத்து, சமையலறையில் காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு அதை ஓட்டினால், போன காற்றுக்கு ஈடாகப் புகைபோக்கி வழியாகவே காற்று உள்ளே இறங்கும். விசிறியை நிறுத்துங்கள், அல்லது அடுப்புக்கு அருகிலுள்ள சன்னலைத் திறந்து வையுங்கள்.

காற்றடிக்கும் நாளில் மட்டும் திரும்பி வந்தால் உயரம் போதவில்லை. குழாய், கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 90 செ.மீ. உயர வேண்டும். 3 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் கூரை முகடு, சுவர் எதுவானாலும் அதைவிட 60 செ.மீ. மேலே நிற்க வேண்டும். வளைவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். செங்கோணமாக மடக்காமல் சாய்வாகத் திருப்புங்கள். குழாயின் விட்டம் அடுப்பின் வெளிவாயைவிடக் குறையவே கூடாது. ஒற்றைத் தகட்டுக் குழாய், மரம் ஓலை போன்ற எரியும் பொருளிலிருந்து 45 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும்.

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. புகைபோக்கி இல்லாமல் விறகெரியும் அறையில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். அடுப்பருகே நிற்பவருக்கும், அவர் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் அதுதான் மூச்சுக்காற்று.

கேள்வி: குழாயின் உட்புறம் தார் பூசியது போல் கறுப்பாகப் பளபளக்கிறது. ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். எரியாத புகை, 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த குழாய்ச் சுவரில் படிந்து இறுகியது அது. அதுவே எரிபொருள். என்றாவது பெரிய தீ போடும்போது பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1000 டிகிரி வரை போகும்.

தூளாக இருக்கும் கரியைக் குழாய் அளவுக்கேற்ற தூரிகையால் எடுக்கலாம். படிவு 3 மி.மீ. ஆனதுமே துப்புரவு செய்யுங்கள். தினமும் எரிப்பவர்கள் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. பளபளப்பாக இறுகியது தூரிகைக்கு அசையாது. தகட்டுக் குழாயானால் மாற்றிவிடுவதே சரி. கட்டிய புகைபோக்கியானால் இந்த வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். தானே எரிந்து போகட்டும் என்று வேண்டுமென்றே பெரிய தீ போடுவது வீட்டையே பணயம் வைப்பது.

குழாயிலிருந்து ‘ஹோ’வென்ற இரைச்சலும் நுனியில் சுடரும் கண்டால், அடுப்பின் காற்று வழி எல்லாவற்றையும் மூடி, எல்லோரும் வெளியேறித் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றக்கூடாது. காய்ச்சிய குழாய் வெடித்துப் பிளந்துவிடும்.

கேள்வி: குளிருக்காகக் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு வைத்திருக்கிறோம். இரவு கட்டையை நிரப்பிக் காற்றைக் குறைத்துவிட்டால் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். கண்ணாடிதான் கறுத்துப்போகிறது.

பதில்: அந்தக் கறுப்பு உங்களுக்கு அடுப்பு சொல்லும் செய்தி. காற்றில்லாமல் கனலும் கட்டை, இரவெல்லாம் குழாய்க்குள் தார் படியவைக்கிறது. சிறிய தீயை நன்றாக எரியவிட்டு, அது தணலானதும் இரண்டு மூன்று கட்டைகளைத் தணல்மேல் வைத்து, அவை பற்றிக்கொள்ளும்வரை காற்றைத் திறந்தே வையுங்கள்.

பற்றவைக்கும்போது பெரிய கட்டைகளை அடியிலும், நடுத்தரத்தை அதன்மேலும், சுள்ளியை உச்சியிலும் வைத்து, மேலிருந்து கொளுத்திப் பாருங்கள். கீழிருந்து எழும் வாயு சுடரைக் கடந்துதான் மேலே போக வேண்டும் என்பதால் தொடக்கப் புகை வெகுவாகக் குறையும்.

கதவு விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் கதவைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் கயிற்றை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஆறிய கண்ணாடியை, ஈரத்தாளில் நைசான சாம்பல் தொட்டுத் துடைத்தாலே போதும்.

கேள்வி: எதையெல்லாம் எரிக்கக்கூடாது?

பதில்: வண்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், வழவழப்பான அச்சுத்தாள், கடல் நீரில் ஊறிய மரம். பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய மரம் எல்லாவற்றிலும் மோசம். பழையவற்றில் ஆர்செனிக் இருக்கக்கூடும், அது புகையிலும் சாம்பலிலும் வரும்.

கேள்வி: புகை இல்லாத தணலை ஒரு சட்டியில் எடுத்துப் படுக்கையறையில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தணலில்தான் அது மிகுதியாக வரும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று தொடங்கும். தூக்கத்தில் அவை தெரியாது. அடுப்பெரியும் வீட்டில் அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள்.

கேள்வி: சாம்பலைச் செடிக்குப் போடலாமா?

பதில்: சுத்தமான விறகின் சாம்பலானால் போடலாம். ஆனால் அள்ளியதும் அல்ல. ஆறியதாகத் தோன்றும் சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே கல் அல்லது மண் தரையில் ஒரு வாரம் வையுங்கள். சாம்பல் காரத்தன்மை உடையது. புளிப்பு மண்ணில் மெல்லத் தூவினால் நல்லது, ஏற்கெனவே காரத்தன்மையுள்ள மண்ணானால் வேண்டாம். யூரியா போன்ற உரத்தோடு சேர்த்துப் போடக்கூடாது, தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி விடுங்கள்.