வெளியேறியவருக்கு ஏன் அத்தனை கைத்தட்டல்?

கேள்வி: கோல்ஃப் ரசிகர்கள் சத்தமே போடாமல் பின்னால் நடக்கிறார்கள். கிரிக்கெட் மாதிரி உணர்ச்சியெல்லாம் அங்கே உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. சத்தம் போடாமல் நிற்பது பந்தை அடிக்கிற அந்த நொடிக்கு மட்டும்தான். கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான ஓபனின், 2019 வெள்ளிக்கிழமை மாலையைத் தேடிப் பாருங்கள். 68 வருடம் கழித்து வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் மைதானத்துக்குத் திரும்பி வந்த போட்டி அது. 16 வயதிலேயே அங்கே 18 குழிகளையும் 61 அடியில் முடித்த (கோல்ஃபில் அடி குறையக் குறைய நல்லது) மண்ணின் மைந்தர் ரோரி மெக்கில்ராய், முதல் நாள் முதல் அடியையே எல்லைக்கு வெளியே அனுப்பி, அந்த ஒரு குழிக்கே 8 அடி எடுத்து, மொத்தம் 79-இல் முடித்திருந்தார். சரி, கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? மறுநாள் 65 அடியில் முடித்தார்! கடற்கரை மணல்மேடுகள் மேல் காற்றில் நின்றுகொண்டு ஒவ்வொரு பந்துக்கும் ஜனம் ஆர்ப்பரித்தது. முதல் இரண்டு நாள் கணக்கில் பின்தங்கியவர்கள் வெளியேற வேண்டும்; ஒரே ஒரு அடியில், கடைசி இரண்டு நாள் ஆடும் வாய்ப்பு அவருக்குப் போனது. ஆனாலும் கடைசிக் குழியில் கைத்தட்டல் ஓயவில்லை, பேட்டியில் அவர் கண் கலங்கிவிட்டார். எனக்கு அதுதான் அந்த வாரத்தின் உச்சம். அப்புறம் ஞாயிறன்று, கொட்டும் மழையில், அயர்லாந்துக்காரர் ஷேன் லவ்ரி 6 அடி வித்தியாசத்தில் ஜெயித்தபோது, 18-ஆவது குழியை நோக்கி அவர் பின்னால் கூட்டமே திரண்டு ஓடியது.