அறுபதாவது அத்தியாயம் வரை காத்திருந்த பியானோ: கேள்வி பதில்

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி ஆண்டுகள் பல ஆகியும் நாங்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் இந்த மலேசியச் செம்பனை ஊரில், கோயில் மண்டபத்தின் பின்கட்டில் பிள்ளைகளுக்கு ஆர்மோனியமும் கீபோர்டும் கற்பித்து வருகிறேன். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இசை கதையை எப்படி நடத்திச் செல்கிறது என்பது குறித்துக் கேட்கலாம் என்று எழுதியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. பதிலுக்கு முன் இரண்டு வேண்டுகோள்கள். 2011 முதல் 2019 வரை வந்த 73 அத்தியாயங்களையும் பார்த்து முடிக்காதவர்கள் இதைப் படிக்க வேண்டாம்; முக்கியமான திருப்பங்கள் எல்லாம் இங்கே வெளிப்படும். மற்றொன்று, இந்த இசையைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். செல்லோ என்னும் பெரிய வயலின் போன்ற கருவியின் அடித்தந்தி 65 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிப்பது. அந்த ஆழம் அவ்வளவு சிறிய கருவியில் வெளிவராது. காதொலிப்பான் (ஹெட்ஃபோன்) மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

ஈஜோக் தம்பி: அண்ணே, வணக்கம். முகப்பிசை நடபைரவி ராகம் என்று என் நண்பன் சொல்கிறான். சரியா?

சுரங்களை உங்கள் நண்பர் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். ராகம் என்று பெயரிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு ‘ப ச க ம’ என்று வாசித்துப் பாருங்கள். பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கி, சாதாரண காந்தாரத்தையும் மத்திமத்தையும் விரைவாகத் தொட்டு, மீண்டும் பஞ்சமத்துக்கே வந்து நிற்கும். மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் அது சுழல்வதால்தான் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும் ஒரு பயணத்தின் உணர்வு வருகிறது. ஆனால் ராகம் என்பது சுரப்பட்டியல் மட்டுமன்று. கமகமும் (சுர அசைவு) ராகத்துக்கே உரிய பிடிகளும் இல்லாத இடத்தில் ராகம் இல்லை. தொடரின் இசையமைப்பாளர் ராமின் ஜவாடி இதை மேற்கத்திய மைனர் சுரவரிசையில் அமைத்திருக்கிறார், அதற்குரிய முறையில்தான் அதைக் கேட்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று முன்னிசையில் இருக்கிறது. அந்த நான்கு சுரங்கள் சில சுற்றுகள் வந்தபின், சாதாரண காந்தாரம் இருந்த இடத்தில், அதைவிட அரைச் சுரம் மேலான அந்தர காந்தாரம் வருகிறது. கீபோர்டில் ‘சி’ கட்டையை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு விரல் கருப்புக் கட்டையிலிருந்து பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு நகர்கிறது. மற்ற விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்த ஒரு நகர்வில் இருள் கொஞ்சம் விலகி, ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று தோன்றுகிறது. அடுத்து செல்லோ நுழையும்போது பழைய காந்தாரமே திரும்பிவிடுகிறது. யாரை நம்புவது, யார் பிழைப்பார் என்று தெரியாத ஒரு கதைக்கு இதைவிடப் பொருத்தமான வாசலை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் மாணவர்களுக்கு இந்த ஒரு விரல் நகர்வைத்தான் முதல் வாரத்தில் கொடுக்கிறேன்.

ரவாங் வாசகர்: இத்தகைய கற்பனைக் கதைகளில் எப்போதும் வரும் புல்லாங்குழல் இதில் ஏன் இல்லை?

தயாரிப்பாளர்களான டேவிட் பெனியோஃபும் டி. பி. வைஸும் தொடக்கத்திலேயே அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். அந்த வகைப் படங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒலி வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். அதனால் செல்லோ முன்னுக்கு வந்தது. இன்ன கருவி கூடாது என்று முதல் நாளே முடிவெடுப்பது இசையமைப்பாளரின் கையைக் கட்டுவது அன்று, அவருக்கு ஒரு குரலைத் தருவது என்றே நான் கருதுகிறேன். கீழே பியானோவைப் பற்றிச் சொல்லும்போது இது இன்னும் தெளிவாகும்.

தஞ்சோங் காராங் அம்மா: மாஸ்டர், என் மகளுக்கு எந்தக் கீபோர்டு வாங்கலாம்?

மகளை ஒரு நாள் மாலை வகுப்புக்கு அழைத்து வாருங்கள், அம்மா. விரலைப் பார்க்காமல் சொல்வது சரியாகாது.

தென்னமரம் தோட்டத்து அக்கா: ஆறாம் சீசன் கடைசியில் ஆலயம் வெடிக்கும் முன்பே எனக்குக் கைகால் நடுங்கத் தொடங்கிவிட்டது. திரையில் யாரும் வாள் உருவவில்லை. அப்படியிருக்க ஏன் அந்தப் பயம்?

அக்கா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன். 2016இல் வந்த அந்த அத்தியாயம் தொடரின் அறுபதாவது. அதற்கு முந்தைய ஐம்பத்தொன்பது அத்தியாயங்களில், செல்லோவும் தோலிசைக் கருவிகளும் குரல்களும் நம் காதைப் பழக்கியிருந்தன. பியானோவுக்கு அந்த உலகத்தில் இடமே இருந்ததில்லை. அன்று காட்சி எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். மணி ஒலிக்கிறது, ஒவ்வொருவரும் தத்தம் அறையில் உடை உடுத்திக்கொண்டிருக்கிறார்கள். அப்போது தனிப் பியானோ, இரண்டிரண்டு சுரங்களாக, இடையில் நிறைய இடைவெளி விட்டு வருகிறது. நம் அறிவுக்கு எட்டும் முன்பே காது சொல்லிவிடுகிறது: இந்த வீட்டில் இதுவரை இல்லாத ஒருவர் உள்ளே வந்திருக்கிறார்.

பிறகு செல்லோ சேர்கிறது; சிறுவர்களின் குரல் சேர்கிறது. கத்தியோடு நிற்பவர்களும் சிறுவர்கள்தாம் என்பதைக் கவனியுங்கள். அந்தக் குரல் கோயிற்பாட்டு போலவும் கேட்கிறது, கொலைக்குத் துணை போவது போலவும் கேட்கிறது. அதன்பின் ஆர்கன். வெட்டுப்பட்ட லானிஸ்டர் குடும்பத்து லான்சல் தரையில் ஊர்ந்து, தீப்பற்றும் பச்சைத் திரவத்தின் நடுவே எரிந்து குறையும் மெழுகுவர்த்தியை நோக்கிப் போகும்போது, ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வந்து அடர்த்தி மட்டும் ஏறுகிறது. ஏறத்தாழ பத்து நிமிடம் இசை பின்வாங்குவதே இல்லை. பேச்சு மிகக் குறைவு. இங்கே இசை கதைக்குப் பின்னணியாக இல்லை. கதை சொல்வதே அதுதான். காட்சிகள் அதன் பின்னால் நடந்து வருகின்றன. உங்கள் கைகால் நடுங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதைக் கைப்பேசியில் கேட்டால் ஆர்கனின் அடித்தளம் முழுவதும் காணாமற்போகும் என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன்.

பெயர் குறிப்பிடாதவர்: இந்தப் பாடல்களை எங்கே இலவசமாகத் தரவிறக்கலாம்?

அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

கோலசிலாங்கூர் தம்பி: ஐயா, முகப்பிசை என்ன ராகம்?

முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள், தம்பி.

ரவாங் வாசகர்: மூன்றாம் சீசனின் அந்தத் திருமண விருந்தில், கதவு மூடியதும் லானிஸ்டர் குடும்பத்துப் பாட்டு தொடங்குகிறது. முடிவை இசை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிட்டது என்பேன். மௌனமாக இருந்திருந்தால் அதிர்ச்சி இரு மடங்காகியிருக்குமே?

அதிர்ச்சி கூடியிருக்கும், அச்சம் இருந்திருக்காது. இரண்டும் வேறு வேறு. அந்தப் பாட்டு நமக்காக மட்டும் வெளியிலிருந்து ஒட்டப்பட்டது அன்று. மாடத்தில் அமர்ந்திருக்கும் இசைஞர்கள் அந்த மண்டபத்திலேயே வாசிக்கிறார்கள். ஸ்டார்க் குடும்பத்துத் தாய் கேட்லின் அதைக் கேட்கிறாள், தலை நிமிர்ந்து பார்க்கிறாள், பிறகுதான் பக்கத்திலிருப்பவரின் சட்டைக்கையை விலக்கி உள்ளேயிருக்கும் இரும்புக் கவசத்தைக் காண்கிறாள். இசை இங்கே ஒரு கதாபாத்திரத்துக்குக் கிடைத்த செய்தி. அந்தச் செய்தி நமக்கும் புரிய வேண்டும் என்பதற்காக அவர்கள் எவ்வளவு முன்பிருந்தே பாடுபட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2012இல் இரண்டாம் சீசனின் போர் அத்தியாயத்தில் கூலிப்படை வீரன் பிரோனும் மற்ற வீரர்களும் அதைக் குடித்துக்கொண்டே பாடினார்கள். திருமணத்துக்கு முந்தைய அத்தியாயத்தில், எதிர்த்த ஒரு குடும்பம் எப்படி வேரோடு அழிக்கப்பட்டது என்ற பாட்டின் கதையை லானிஸ்டர் குடும்பத்து அரசி செர்சி தன் வாயாலேயே சொன்னாள். பாட்டின் பொருளை மறந்திருந்தவருக்கு அது மற்றொரு விருந்துப் பாட்டு. நினைவு வைத்திருந்தவருக்கு மரண அறிவிப்பு. ஒரே நேரத்தில் இரண்டு வகைப் பார்வையாளர்களுக்கும் வேலை செய்யும் இசையைக் காட்டிக்கொடுப்பது என்று நான் சொல்ல மாட்டேன்.

ரவாங் வாசகர்: திருமணத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆலயக் காட்சியின் பியானோவை எந்தக் கதாபாத்திரமும் கேட்கவில்லையே? அது இசையமைப்பாளர் நம் காதில் ஓதுவதுதானே?

நல்ல மறுப்பு, இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆம், அந்தப் பியானோ நமக்கு மட்டும் கேட்பது. ஆனால் அது என்ன சொன்னது? லானிஸ்டர் பாட்டுக்கு நாம் முன்பே கற்ற பொருள் ஒன்று இருந்தது. பியானோவுக்கு அப்படி எந்தப் பொருளும் இல்லை, ஏனென்றால் அது முன்பு வந்ததே இல்லை. வழக்கம் முறிந்துவிட்டது என்பதை மட்டும் அது தெரிவித்தது. யார், எப்போது, எப்படி என்று தெரிவிக்கவில்லை.

என் வாதத்துக்கு வலுவான சான்று 2019இல் வருகிறது. எட்டாம் சீசனின் மூன்றாம் அத்தியாயத்தில், இருளில் நடக்கும் நீண்ட போரின் முடிவில், வாளோசை அடங்கிப் பியானோ மீண்டும் வருகிறது. இம்முறை அதற்குப் பொருள் உண்டு; பியானோ வந்தால் எல்லோரும் சாவார்கள் என்று மூன்று ஆண்டுகளாக நம் காது பாடம் செய்து வைத்திருந்தது. பிணப்படையின் தலைவனான இரவு மன்னன் மரத்தடிக்கு வருகிறான், நாம் நம்பிக்கையை விட்டுவிடுகிறோம், அப்போது ஆர்யா பாய்கிறாள். முன்பு உண்மை சொன்ன அதே கருவி இப்போது பொய் சொன்னது. காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை என்றால் இது எப்படி முடிந்தது? அந்த அத்தியாயத்தின் இசைக்காக ஜவாடிக்கு எம்மி விருது கிடைத்ததில் எனக்கு முழு உடன்பாடு.

உள்ளூர் உறுமி மேளக் கலைஞர்: மாஸ்டர், நானும் இதில் ஒன்று சொல்லலாமா? காவடி எடுக்கும்போது, அருள் வருவதற்குச் சற்று முன்னால் நாங்கள் அடியை மாற்றுவோம். சுற்றி நிற்கும் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு மயிர்க்கூச்செறிகிறது. முன்கூட்டித் தெரிவதால் எதுவும் குறைவதில்லை.

தம்பி, ரவாங் வாசகருக்கு நான் எழுதிய இரண்டு நீண்ட பதில்களைவிட இது தெளிவாக இருக்கிறது. வளைந்த குச்சி தோலின்மேல் தேய்ந்து அந்த முனகல் எழும்பும்போது, பால்குடம் ஏந்தி நிற்கும் பெண்கள் நின்ற இடத்திலேயே கண்மூடுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லியாக வேண்டும். உங்கள் உறுமி அருள் வரப்போவதை அறிவிக்கவில்லை, அதை அழைக்கிறது. நீங்கள் அடியை மாற்றாவிட்டால் அது வராமலே போகலாம். தொடரின் இசைக்கு அந்த அதிகாரம் இல்லை. காட்சி ஏற்கெனவே படமாக்கப்பட்டுவிட்டது.

ரவாங் வாசகர்: உறுமி வாசிக்கும் தம்பி என்னைப் பாதி மாற்றிவிட்டார். ஆனாலும் கேட்கிறேன்: இசையே இல்லாமல் விட்டதும் இந்தத் தொடரில் உண்டல்லவா?

உண்டு, அதுவும் அதே திருமண அத்தியாயத்திலேயே. கேட்லின் விழுந்த பிறகு கலைஞர்களின் பெயர்ப்பட்டியல் ஓசையின்றி ஓடுகிறது. வழக்கமாக அங்கே ஒரு இசை வரும். நம்முடைய சாவு வீட்டில் பறை நின்றவுடன் வரும் அமைதி போன்றது அது. முன்பு ஒலி இருந்ததால்தான் அந்த அமைதிக்கு எடை. ஆகவே நீங்கள் விரும்பிய மௌனத்தை அவர்கள் மறுக்கவில்லை, உரிய இடத்தில் வைத்தார்கள்.

பத்து அராங் வாசகர்: முகப்பிசை சாருகேசி ராகமா?

இல்லை. அந்தர காந்தாரம் வருவதால் அப்படித் தோன்றலாம். இதுவரை சாருகேசி, நடபைரவி என்று பல பேர் கேட்டுவிட்டீர்கள். ராகப் பெயர் குறித்த கேள்விகளுக்கு இனிமேல் பதில் எழுத மாட்டேன். ஒரு மெட்டுக்குப் பெயர் சூட்டியவுடன் அதைக் கேட்டு முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம், அதுதான் என் வருத்தம்.

ரவாங் வாசகர்: குதிரை வீரர்களான டோத்ராக்கி கூட்டம் வரும்போது நாதசுரம் போல ஒன்று கேட்கிறதே?

ஆர்மீனிய டுடுக். வாதுமைவகை ஆப்ரிகாட் மரத்தில் செய்வது. நாதசுரத்தைப் போலவே இரட்டைச் சீவாளி உடையது என்பதால் உங்கள் காது உறவு கண்டுபிடித்திருக்கிறது; ஆனால் குரல் மிக மென்மையானது, வீதி உலாவுக்கு ஆகாது.

ஈஜோக் தம்பி: கடைசி சீசனின் கதை ஏன் அப்படிக் கெட்டுப்போனது, அண்ணே?

திரைக்கதை என் துறை அன்று, தம்பி. இசை கெட்டுப்போகவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

தென்னமரம் தோட்டத்து அக்கா: 2022இல் வந்த ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரிலும் அதே முகப்பிசையை வைத்திருக்கிறார்களே, அது சரிதானா?

எனக்கு அது சரியாகப் படவில்லை, அக்கா. இசையமைப்பாளரும் அவரேதான், அவரால் புதிதாக ஒன்று தர முடியாமல் இல்லை. பழைய முகப்பில் வரைபடத்தின்மேல் பல்சக்கரங்கள் சுழன்று கோட்டைகள் எழும்பின. ஊர்விட்டு ஊர் போகும் அந்தப் பயணத்துக்கென்றே பிறந்த மெட்டு அது. புதிய கதை ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் சண்டை. முதல் அத்தியாயத்தில் முழு முகப்பு வராதபோது, புதிதாக ஒன்றைக் கேட்கப்போகிறோம் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். இரண்டாவது அத்தியாயத்தில் இரத்தம் ஓடும் கல் முகப்பின்மேல் அதே ‘ப ச க ம’ வந்தபோது, கூட உட்கார்ந்திருந்த மாணவர்கள் கைதட்டினார்கள், நான் தட்டவில்லை.