பெரியப்பாவை மறைத்துவிட்டு டாக்டரிடம் என்ன சொல்வீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, ஆறடி இரண்டங்குல உயரம். வருஷா வருஷம் கண்ணாடி பவர் ஏறுகிறது. மார்ஃபான் நோயாக இருக்கலாம் என்று இதய டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் கோவை போகிறோம். என்னென்ன கொண்டுபோக வேண்டும்? வீட்டுக்காரரின் அண்ணன் 38 வயதில் தறிக்கூடத்தில் நெஞ்சும் முதுகும் வலித்து அரை மணி நேரத்தில் போய்விட்டார். மகளுக்கு வரன் பார்ப்பதால் அதைச் சொல்ல வேண்டாம் என்கிறார் மாமியார்.
- வாசகி, பவானி

பதில்: அம்மணி, டாக்டர் முதலில் கேட்கப்போவதே அந்தச் சாவைப் பற்றித்தான். மார்ஃபான் என்பது எலும்பு, கண், ரத்தக்குழாய் ஆகியவற்றைத் தாங்கும் திசு பலவீனமாக இருக்கும் பரம்பரை நோய். நெஞ்சிலிருந்து முதுகுக்குப் பாயும் வலி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி கிழிந்ததாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கும் இருந்து உங்கள் மகனுக்கும் இருந்தால், நடுவில் நிற்பவர் யார்? உங்கள் வீட்டுக்காரர். அவருக்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மகளுக்கும் எடுக்க வேண்டும், கல்யாணத்துக்கு முன்பே. தமனி விரிந்திருப்பது தெரியாமல் கர்ப்பமானால், கடைசி மாதங்களிலோ பிரசவத்தை ஒட்டியோ அது கிழியலாம். இதை மறைத்துக் கட்டிக்கொடுப்பது பெற்ற பெண்ணுக்குச் செய்யும் துரோகம். அதைக் கேட்டுப் பின்வாங்குகிற சம்பந்தம் போகட்டும்.

ஒரு தாளில் இரு பக்கத்து மூன்று தலைமுறையையும் எழுதுங்கள்: உயரம், கண் லென்ஸ் விலகியவர்கள், இதய ஆபரேஷன், இளவயதுச் சாவு. மாமனார் எத்தனை வயதில், எப்படி இறந்தார் என்று மாமியாரிடமே கேளுங்கள். பெரியப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தால் அதையும், மகனின் பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பையனைச் செருப்பில்லாமல் சுவரோடு நிற்க வைத்து, கைகளை விரித்து, விரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்து உயரத்தால் வகுங்கள். உயரம் 188 செ.மீ., கைவீச்சு 198 என்றால் 1.05 வரும். அதுவும் அதற்கு மேலும் ஓர் அடையாளம்; அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டக் கூடாது.

எக்கோவில் பெருந்தமனியின் அடிப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 'நார்மல்' என்ற ஒற்றைச் சொல் போதாது. அடுத்த எக்கோவை இந்த எண்ணோடுதான் ஒப்பிடுவார்கள். கண் பரிசோதனையில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், அன்று அவன் வண்டி ஓட்டக் கூடாது. டாக்டர் சொல்லும்வரை கபடியும் ஜிம்மில் எடை தூக்குவதும் வேண்டாம். மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாத்திரைகளை நீங்களாக வாங்கித் தராதீர்கள். அவை தமனியைப் பாதிக்கக்கூடும்.

அதற்குள் வீட்டில் யாருக்காவது பெரியப்பாவுக்கு வந்ததுபோல நெஞ்சிலும் முதுகிலும் வலி வந்தால், வாய்வு என்று சோடா கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, 'குடும்பத்தில் மார்ஃபான் சந்தேகம் இருக்கிறது' என்று ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள்.