கோட்டிங் போட்ட டை சீக்கிரம் தேய்வது ஏன்?

உங்கள் கேள்வி இது: எவர்சில்வர் தகட்டைத் தம்ளராக இழுக்கும் டைக்கு (வார்ப்பு தரும் எஃகு அச்சுக்கு) டைட்டானியம் நைட்ரைடு என்கிற கடினமான கோட்டிங் போட்டும் சில நாட்களிலேயே கீறல் விழுகிறது, கோட்டிங் மட்டமா, பாலிஷ் மட்டமா?

பெரும்பாலும் கோட்டிங்குக்கு முன் செய்த பாலிஷ்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம், இதே தப்பைச் செய்துவிட்டுக் கோட்டிங்காரரிடம் போய்ச் சண்டை போட்டவன் நான்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் கஞ்சிக்கோட்டுக்குப் போய் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். டையை இங்கே செய்வோம். கோட்டிங்குக்கு வாளையார் தாண்டிக் கோயம்புத்தூருக்கு அனுப்புவோம். அப்படி அனுப்பிய ஒரு ரிங், அதாவது டி2 என்கிற கருவி எஃகில் செய்த வளைய வடிவ டை, பொன்னிறத்தில் தகதகவென்று திரும்பி வந்தது. பிரஸ்ஸில் ஏற்றி இரண்டாவது ஷிப்டிலேயே தம்ளரின் பக்கவாட்டில் நெடுங்கோடுகள் விழுந்தன. நான் போனில் கத்தி ஓய்ந்த பிறகு எங்கள் ஆசான், மலையாளி, "பஞ்ஞி எடு" என்றார். நான் ரேக்கிலிருந்து பஞ்சை, அதாவது தகட்டை அமுக்குகிற பஞ்ச்சை, தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் கேட்டது இலவம்பஞ்சு. அந்தச் சிரிப்பு அடங்கவே பத்து நிமிடம் ஆயிற்று.

பஞ்சைச் சிறு உருண்டையாக்கி ரிங்கின் உள்வளைவில், தேய்மானம் படாத ஓரிடத்தில், வட்டமாகத் தடவினார். வழுக்கிக்கொண்டு போனது. பிறகு வெளியிலிருந்து உள்ளாக, தகடு வழியும் திசையில் இழுத்தார். பொன்னிறத்தின் மேல் வெள்ளை இழைகள் மயிர்க்கால் போல நின்றுவிட்டன. எனக்கு உடனே புரிந்தது. ரிங்கை லேத்தில் சுழலவிட்டு எமரித் துணியைப் பிடித்துத்தான் நான் பாலிஷ் செய்திருந்தேன். கண்ணாடிபோல் மின்னியது, ஆனால் கோடுகள் எல்லாம் வட்டமாக ஓடின. தகடு அவற்றுக்குக் குறுக்கே வருகிறது. ஒவ்வொரு கோடும் ஓர் அரத்தின் பல்.

கோட்டிங் இதை மூடிவிடும் என்று நினைப்பதுதான் பிழை. வெற்றிட அறையில் ஆவியாகப் படியவைக்கும் இந்த பி.வி.டி. பூச்சின் கனம் பொதுவாக 2 முதல் 5 மைக்ரான். தலைமயிர் சுமார் 70 மைக்ரான். பூசாத செங்கல் சுவரில் வெள்ளையடித்தால் செங்கல் தெரியத்தானே செய்யும்? கிரைண்டிங் முடித்த பரப்பின் ஆர்.ஏ. அளவு, அதாவது சராசரிச் சொரசொரப்பு, 0.4 மைக்ரான் என்றால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 2, 3 மைக்ரான்கூட இருக்கும். ஏறக்குறைய பூச்சின் கனமே அவ்வளவுதான். பாரமெல்லாம் அந்த மேடுகளின் முனையில் இறங்குகிறது. டைட்டானியம் நைட்ரைடு விக்கர்ஸ் என்கிற கடினத்தன்மை அளவில் 2000க்கு மேல், ஆனால் வளையாது, முனை ஒடிந்துவிடும். ஒடிந்த துணுக்கு அடியிலுள்ள எஃகைவிடக் கடினம் என்பதால் அது உருண்டு போகிற வழியெல்லாம் டையை உழுகிறது. வெறும் எஃகு தெரிந்த இடத்தில் எவர்சில்வர் ஒட்டிக்கொண்டு மேடாகி அடுத்த தம்ளரைக் கீறுகிறது. நாம் பார்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தை. உடனே 'கோட்டிங் உரிந்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம்.

ஆர்.ஏ. எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது சராசரி, கூர்மேடுகள் நிறைந்த பரப்புக்கும் பள்ளங்கள் மட்டும் உள்ள பரப்புக்கும் ஒரே எண் வரலாம். பள்ளத்தில் எண்ணெய் தங்கும், தொல்லை இல்லை. மேடுதான் வினை.

பழைய பூச்சை வேதிக்கரைசலில் உரித்து வாங்கி மறுபடி தொடங்கினேன். எண்ணெய்க்கல் 320, 400, 600 என்று சொரசொரப்புக் குறையும் வரிசையில். பிறகு டயமண்ட் பேஸ்ட் 9, 6, 3 மைக்ரான். ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கோடுகள் முழுக்க மறையும்வரை குறுக்காகத் தேய்த்து, கடைசிக் கட்டத்தில் மட்டும் தகடு ஓடும் திசையில் தேய்க்க வேண்டும். லேத் வேண்டாம், கைதான். அலுப்பான வேலை, ஒரு முழு நாள் போய்விட்டது. ஆர்.ஏ. 0.1க்குக் கீழே வந்த பிறகே அனுப்பினேன். திரும்பி வந்ததும் பேஸ்ட்டால் இன்னொரு முறை மிக இலேசாகத் துடைத்தேன். ஆர்க் முறையில், அதாவது மின்பொறியால் உலோகத்தை ஆவியாக்கிப் பூசும்போது, உலோகத் துளிகள் சிதறி ஆங்காங்கே ஒட்டிக்கொள்ளும், அவையும் மேடுகளே.

ஸ்பார்க் மெஷினில் (மின்பொறியால் எஃகை அரிக்கும் மெஷினில்) வெட்டிய டை என்றால் மேலே உருகி உறைந்த படலத்தை முழுக்க எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூச்சு அந்தப் படலத்தோடு கழன்று வரும். டிரில் போன்ற வெட்டுக்கருவிகளில் முனையின் பிசிறை நீக்குவது முக்கியம். டி2வைக் கடினமாக்கிய பிறகு தாழ்ந்த சூட்டில் டெம்பர் (மறுசூடு) செய்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; பூச்சு அறையின் சூடு 450 டிகிரியைத் தொடும், டை இளகிவிடும்.

அடுத்த முறை ரிங்கை வாங்கப் போனபோது போனில் கத்தியதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கோட்டிங்காரர் அதைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "இந்தத் தடவை ரிங்கை வேறு யாரோ செய்தார்களா, தம்பி?"